ஆடி மாதத்துப் பீற்றூட்

விதைப் பெட்டிகளை லொறியிலிருந்து இறக்கும்போதே யூலியானாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பெட்டியில் ஒட்டியிருந்த படத்தில் பீற்றூட் கிழங்கொன்று நீர் சொட்டச் சொட்டச் சிவந்து கிடந்தது. அவள் நின்ற நிலத்தில் கணுக்கால்வரை புழுதி. ஆனி முடியப்போகிறது. காலையில் எழும்புகிற சோளகக் காற்று பொழுதுபடும்வரை ஓய்வதில்லை. விசுவமடுவுக்கு அப்பால் காட்டை வெட்டிப் போட்ட அந்த முகாமுக்கு ஒரேயொரு கிணறு. அதுவும் விடியற்காலையில் இறைத்தால் தண்ணீர், மத்தியானம் இறைத்தால் சேறு.

"போன வருசமும் இதைத்தானே கொண்டந்தனீர்?" என்று லொறிச் சாரதியைப் பிடித்தாள், ஏதோ அவன்தான் முடிவெடுத்தவன் போல.

"எனக்கென்னக்கா தெரியும்? வவுனியாவில, நெளுக்குளத்து ஒபிசில ஏத்திவிட்டாங்கள், கொண்டந்தனான். கையெழுத்தைப் போடுங்கோ, இருட்டமுதல் காட்டுப் பாதை கடக்கவேணும்."

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு அது. யூலியானாவின் ஆட்கள் முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கர்கள். கடலிலும் களப்பு நீரிலும் மீன்பிடித்துப் பிழைத்தவர்கள். கரையில் விழுந்த ஷெல்லுக்கும் குண்டுக்கும் தப்பி உள்ளே வந்தவர்கள். அதே முகாமில், கிளிநொச்சிச் சண்டையில் வயலையும் மாட்டையும் விட்டு ஓடிவந்த வட்டக்கச்சிக் கமக்காரக் குடும்பங்களும் இருந்தன. இந்த இரண்டு பகுதியாருக்கும் சேர்த்து ஒரு தொண்டு நிறுவனம் 'பசுமை முற்றம்' என்ற திட்டத்தை நடத்தியது. ஒவ்வொரு குடும்பத்தின் கொட்டிலுக்கு முன்னாலும் மரக்கறிப் பாத்தி போட வேண்டும். பாத்தி பச்சையாக இருந்தால் மாதம் ஒரு முறை அரிசியும் பருப்பும் எண்ணெயும் கிடைக்கும். காய்ந்து கிடந்தால் கிடையாது. சும்மா கொடுத்தால் சனம் சோம்பேறியாகிவிடும் என்று எங்கேயோ ஒரு மேசையைச் சுற்றி இருந்து யாரோ தீர்மானித்திருந்தார்கள்.

யூலியானாவின் வேலைக்குப் 'படிப்பினை இணைப்பாளர்' என்று பெயர். முன்பு பாலர் பாடசாலையில் படிப்பித்தவள் என்பதால் அந்தப் பெயரைக் கேட்டதும் அவளுக்குப் பிடித்துப்போனது. திட்டத்தில் எது சரிவருகிறது, எது பிழைக்கிறது என்று சனத்திடம் கேட்டு மேலே சொல்ல வேண்டும்; மேலே உள்ளவர்கள் அதைக் கொண்டு திட்டத்தை இடைவழியிலேயே திருத்துவார்கள். வேலைக்கு எடுத்த அன்று பணிப்பாளர் கனகலிங்கம் அப்படித்தான் சொன்னார். "திட்டம் எண்டது எங்கட வசதிக்கில்லை, யூலியானா. சனம் சொல்லச் சொல்ல நாங்கள் மாறவேணும். நீர்தான் எங்களுக்குக் காது."

முதல் வருடம் அவள் அந்தக் காதாக ஒழுங்காக இருந்தாள். ஆனியில் விதைத்தது ஆடியில் கருகிவிட்டது, கிணறு தாங்காது, மாரிமழைக்கு முன்னால் புரட்டாசியில் விதை கொடுங்கள், களப்புத் தொழில் தெரிந்தவர்களுக்கு விதையை விட வலை உதவும், அரிசியைப் பாத்தியோடு முடிந்து வைக்காதீர்கள் என்றெல்லாம் விளக்கமாக எழுதி அனுப்பினாள். பதில் வந்தது: பெறுமதியான படிப்பினை, அடுத்த கட்டத்தில் கவனத்தில் எடுக்கப்படும். இப்போது அடுத்த கட்டம் வந்து லொறியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

விதைப் பைக்கற்றை வாங்க வந்தவர்களில் புனிதமும் நின்றாள். யூலியானாவின் கணவன் கொலின்ஸின் மூத்த சகோதரி. புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாத பிறகு மூன்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்தவள். கடைசிப் பெண் நிரோசினிக்கு இன்னும் பள்ளிக்கூடம் போகிற வயசு ஆகவில்லை. புனிதம் பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு யூலியானாவின் கையிலேயே திணித்தாள்.

"இதை என்ன செய்ய, யூலி? அவிச்சுத் தின்னட்டோ?"

"பாத்தியில போடுங்கோ, மச்சாள்."

"எந்தத் தண்ணியில?"

"எனக்குத் தெரியாதே? போன வருசமே எல்லாம் எழுதினனான்."

"எழுதி? என்ன வந்தது? திரும்பவும் பீற்றூட் வந்தது." புனிதத்தின் குரல் உயர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். "மாசாமாசம் கொப்பியோட வந்து, என்ன படிச்சனீங்கள், என்ன படிச்சனீங்கள் எண்டு கேக்கிறியள். நாங்கள் போன வருசமே படிச்சு முடிச்சிட்டம். படியாதது நீங்கள்தான். எங்கட வயித்தில வைச்சோ படிக்கிறியள்?"

யூலியானாவுக்குக் கோபம் வந்தது, புனிதத்தின் மீது அல்ல. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாததுதான் அவளை இன்னும் எரித்தது. பைக்கற்றை மறுபடியும் புனிதத்தின் கையில் வைத்தாள். புனிதமும் வாங்கிக்கொண்டாள். அரிசி வேண்டுமே.

ஆடி பிறந்தது. சனம் பாத்தி கொத்தியது. விதை முளைத்து இரண்டு இலை விட்டதும் வெயில் அதைச் சுருட்டத் தொடங்கியது. ஒரு நாளைக்கு ஒரு கொட்டிலுக்கு இரண்டு குடம் தண்ணீர் என்று முகாமில் ஒழுங்கு இருந்தது. அந்த இரண்டு குடத்தில் ஒன்று பாத்திக்குப் போக ஆரம்பித்ததை யூலியானா கொஞ்சம் பிந்தித்தான் கண்டாள். குடிக்கிற தண்ணீரைப் பீற்றூட்டுக்கு ஊற்றிவிட்டு, மாடு படுத்தெழும்பிய குளத்துத் தண்ணீரைத் துணியில் வடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அரிசிக்காகத் தண்ணீரை விற்பது போலத்தான் அது.

கிணற்றடியில் சண்டைகள் சாதாரணமாயின. ஒரு நாள் வட்டக்கச்சி அன்னபாக்கியம் மூன்றாவது குடத்தை நிரப்பினாள் என்று புனிதம் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அன்னபாக்கியம் அடிபணிகிற ஆள் இல்லை. ஒரு காலத்தில் வாய்க்கால் தண்ணீருக்காக ஆம்பிளைகளோடு மல்லுக்கு நின்றவள்.

"கயித்தை விடு!"

"உங்கட பாத்தி மட்டும் பச்சையா நிக்கேக்கையே எனக்கு விளங்கினது, தண்ணி எங்கயால போகுதெண்டு."

"நான் பாத்திரம் கழுவின தண்ணி விடுறனடி! எனக்குத் தோட்டம் தெரியும், உனக்குத் தெரியாது. அதுக்கு நான் என்ன செய்ய?"

இழுபறியில் வாளி கப்பியிலிருந்து கழன்று பறந்து புனிதத்தின் நெற்றியில் விழுந்தது. யூலியானா ஓடிவந்தபோது புனிதம் சேற்றில் குந்தியிருந்தாள். இரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அன்னபாக்கியம் தன் சேலைத் தலைப்பைக் கிழித்து அந்த நெற்றியில் அழுத்திப் பிடித்தபடி தானும் அழுதாள். "நான் வேணுமெண்டு செய்யேல்லைப் பிள்ளை... ஆடி வெயிலுக்குள்ள பீற்றூட் போடச் சொன்ன அந்த அறுவான் ஆரடி? அவனை ஒருக்கா இஞ்ச கொண்டாருங்கோவன்!"

அதே கிழமை நிரோசினிக்கு வயிற்றாலடி தொடங்கியது. குளத்துத் தண்ணீர் செய்த வேலை. கொலின்ஸ் சைக்கிள் கரியரில் புனிதத்தையும் பிள்ளையையும் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு மிதித்தான். ஆஸ்பத்திரி என்றால் ஓலைக்கொட்டில்தான். மருந்துத் தட்டில் பாதி வெறுமை. உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் பருக்கிப் பிள்ளையைக் காப்பாற்றினார்கள். திரும்பி வந்தபோது பிள்ளையின் கண்கள் மட்டும்தான் மிச்சமிருந்தன. புனிதம் யூலியானாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யூலியானா வீட்டுக்கு வந்து, நடந்த எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதினாள்: உங்கள் பாத்தி சனத்தின் தண்ணீரைக் குடிக்கிறது, இதை இன்றே நிறுத்துங்கள். அடுத்த லொறியில் அனுப்பிவைத்தாள்.

ஆவணியில் பதில் வந்தது. கொழும்பிலிருந்து, நிதி கொடுக்கும் இடத்தின் பிரதிநிதி ஒருவர் வருகிறார். பணிப்பாளரும் கூட வருவார். பாத்திகள் பச்சையாக இருப்பதை உறுதிப்படுத்தவும்.

கிணற்றடியில் வைத்து அதை அவள் உரத்து வாசித்தாள்.

பிறகு அன்னபாக்கியம்தான் எழும்பினாள். "பச்சைதானே வேணும்? குடுப்பம்."

நெற்றியில் காயம் இன்னும் ஆறாத புனிதமும் அவளோடு போனாள். முகாம் பெண்கள் எல்லோரும் குளத்தடிக்குப் போய், ஈரம் இருந்த இடத்தில் நின்ற முள்ளுக்கீரையையும் பேர் தெரியாத பூண்டுகளையும் கட்டுக் கட்டாக அரிந்து வந்தார்கள். பிரதிநிதி வரப்போகிற அன்று விடியவே, பாத்திகளில் தண்ணீர் தெளித்து ஒவ்வொன்றாகக் குத்தி வைத்தார்கள். முகாமே பச்சைப் பசேலென்று நின்றது. யூலியானா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். தடுக்கவில்லை. தடுப்பதற்கு அவளிடம் வேறு அரிசி இருக்கவில்லை.

பிக்கப் வாகனம் பத்து மணிபோல வந்து நின்றது. கனகலிங்கம் வெள்ளைச் சட்டையைக் கையால் தட்டிப் புழுதியைப் போக்கிக்கொண்டு இறங்கினார். கூட வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார். பருத்திச் சேலை, கழுத்தில் கமரா. நல்ல மனுசிதான். பிள்ளைகளின் தலையைத் தடவினார், கொட்டிலுக்குள் குனிந்து பார்த்தார். கனகலிங்கம் பாத்திகளைக் காட்டிக்கொண்டே நடந்தார். "முதல் வருசம் கொஞ்சம் சறுக்கினது, மேடம். அந்தப் படிப்பினையை எடுத்து இந்த முறை சனத்துக்கு நல்ல பயிற்சி குடுத்தனாங்கள். பாருங்கோ, இந்த வறட்சியிலயும் எப்படி நிக்குதெண்டு."

படிப்பினையாம். பயிற்சியாம். ஆஸ்பத்திரிக் கொட்டிலில் பிள்ளைக்குத் தண்ணீரைக் கரண்டியால் பருக்கியதாகக் கொலின்ஸ் சொன்னது யூலியானாவுக்குக் கண்ணுக்குள் வந்தது.

அம்மையார் புனிதத்தின் பாத்திக்கு முன்னால் நின்று கமராவை உயர்த்தினார். பிறகு யூலியானாவைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டார். "வடிவா இருக்கு. இதை எப்ப பிடுங்கலாம்?"

"இப்பவே பிடுங்கலாம்," என்றாள் யூலியானா.

குனிந்து ஒரு செடியைப் பிடித்து இழுத்தாள். அது இழுக்க வேண்டிய தேவையே இல்லாமல் கையோடு வந்தது. கத்தியால் சரிவாக வெட்டிய தண்டு. அதை அம்மையாரின் கையில் கொடுத்தாள். இன்னொன்றைப் பிடுங்கிக் கனகலிங்கத்தின் கையில் கொடுத்தாள். பிறகு அவளுக்குத் தன்னை நிறுத்த முடியவில்லை. அந்தப் பாத்தி முழுவதையும் இரண்டு கையாலும் வழித்து எறிந்தாள்.

"வேர் இல்லை, சேர். ஒண்டுக்கும் வேர் இல்லை. ரெண்டு வருசமா சொல்லுறன். தண்ணி இல்லாத இடத்தில தண்ணிப் பயிர் வைக்கச் சொல்லிச் சனத்தைக் கள்ளராக்கி வைச்சிருக்கிறியள்!"

கனகலிங்கத்தின் முகம் கறுத்தது. அம்மையார் கையிலிருந்த தண்டைப் பார்த்தபடி நின்றார். பிறகு திரும்பி நடந்து வாகனத்தில் ஏறி இருந்துவிட்டார்.

"எல்லாப் பாத்தியும் இப்படியோ?" கனகலிங்கம் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "எல்லாரும் சேர்ந்தோ செய்தனீங்கள்?"

புனிதம் முன்னால் வந்தாள். "ஓம். நாங்கள்தான் குத்தி வைச்சனாங்கள். வாங்கோ ஐயா, வந்து எங்கட கிணத்தைப் பாருங்கோ." அவர் அசையவில்லை. அவள் தானே போய் வாளியை விட்டு இறைத்துக்கொண்டு வந்தாள். வாளியின் அடியில் ஒரு சாண் சேறு. அதை அவர் முன்னால் நிலத்தில் கவிழ்த்தாள். "இதில நீங்கள் ஒரு பீற்றூட் வளர்த்துக் காட்டுங்கோ. பேந்து எங்களைக் கேளுங்கோ."

சேறு அவருடைய சப்பாத்துவரை ஓடி நின்றது. கனகலிங்கம் யூலியானாவைப் பார்த்தார். "நீர் நினைச்சதைச் செய்துபோட்டீர். பொய்ப் பாத்திக்கு அரிசி குடுத்தனெண்டு கணக்கு எழுத என்னால ஏலாது. விசாரணை முடியுமட்டும் இந்த முகாமுக்கு நிவாரணம் நிப்பாட்டப்படும்."

வாகனம் போன பிறகும் புழுதி அடங்க நேரம் எடுத்தது. யூலியானா திரும்பிப் பார்த்தாள். ஒருவர் முகத்திலும் அவளுக்கு இடம் இருக்கவில்லை.

"நல்லாச் செய்தாய்," என்றாள் புனிதம். அவள் இப்போது கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "உனக்குச் சம்பளம் வரும். உன்ர கோவத்துக்கு என்ர பிள்ளையளின்ர சோறு போச்சு."

"மச்சாள், உண்மையைச் சொல்லாமல்..."

"உண்மையைச் சொல்லுறதெண்டால் எங்களைக் கேட்டிட்டெல்லோ சொல்லியிருக்கவேணும்? சனத்தைக் கேக்கிறதுதானே உன்ர வேலை? எங்களை ஒருக்கால் கேட்டனியோ?"

பின்னேரம் கொலின்ஸ் நந்திக்கடல் களப்பில் இருந்து வந்தான். இரவல் வீச்சுவலையும் கொஞ்ச இறாலும். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு சைக்கிளைத் துடைத்தபடியே சொன்னான். "பிடுங்கினது சரி. நானெண்டாலும் பிடுங்கியிருப்பன். ஆனால் ஆரின்ர பாத்தியில பிடுங்கினனி? அக்கான்ர பாத்தியில. நிவாரணம் போனால் அக்காக்குத்தான் போகும், உனக்கில்லை."

யூலியானா அந்த இறாலைப் புனிதத்துக்குக் கொடுத்தனுப்பினாள். புனிதம் வாங்கினாள், பிள்ளைகளுக்காக.

நிவாரணம் நின்ற நாட்களில் சனம் காட்டுக்குள் பாலைப்பழமும் வள்ளிக்கிழங்கும் தேடியது. வட்டக்கச்சி ஆட்கள் சிலர் காதில் கழுத்தில் இருந்ததை விற்றார்கள். யூலியானா கிணற்றடிக்குப் போனால் கதை நின்றுவிடும். அவள் மனதில் கோபம் இரண்டாகப் பிரிந்து ஒன்றையொன்று கடித்தது. நெளுக்குளத்தின் மீது ஒரு பாதி, தன் மீது ஒரு பாதி. கடைசியில் களப் பணியாளர்களின் கூட்டத்துக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தபோது, இந்த முறை எழுத ஒன்றும் இல்லை, நேரே போய்க் கேட்கிறேன் என்று புறப்பட்டாள். புறப்படுவதற்கு முன் ஒரு காரியம் செய்தாள். கிணற்றடியில் எல்லோரும் கூடி நின்ற நேரமாகப் பார்த்துப் போய் நின்றாள்.

"கூட்டத்துக்குப் போறன். அங்க என்ன சொல்ல? நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லாத ஒண்டையும் நான் சொல்லமாட்டன்."

புனிதம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்னபாக்கியம்தான் பதில் சொன்னாள். "அரிசியைப் பாத்தியில கட்டவேண்டாமெண்டு சொல்லு. விதையை மழைக்கு வைக்கச் சொல்லு. வேற ஒண்டும் வேண்டாம், பிள்ளை. எங்களுக்குத் தோட்டம் பழக்க வராமல் இருந்தாலே பெரிய புண்ணியம்."

வவுனியாவுக்குப் போகும் கண்டி வீதி முழுக்கச் சண்டை. வெளியே போகப் பாஸ் எடுத்து, காட்டுப் பாதையால் சுற்றி, உழவு இயந்திரப் பெட்டியிலும் சைக்கிளிலும் நடந்துமாக வவுனியா போய்ச் சேர்ந்தாள். சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். நெளுக்குள அலுவலகத்தில் காற்றாடி சுழன்றது. மேசையில் தேத்தண்ணியும் பிஸ்கற்றும் வைத்திருந்தார்கள். வன்னியின் மற்ற முகாம்களில் வேலை செய்கிறவர்களும் வந்திருந்தார்கள். மல்லாவிப் பக்கத்துச் சிவராசா அவளைக் கண்டு தலையை ஆட்டிவிட்டுப் பார்வையைக் கீழே போட்டார். கதை எல்லோருக்கும் முன்னமே எட்டியிருந்தது.

கனகலிங்கம் கூட்டத்தைத் தொடங்கினார். "ஒரு முகாமில நடந்த ஏமாத்தால முழுத் திட்டத்துக்கும் கெட்ட பேர். இனி மேற்பார்வையைக் கூட்டவேணும். பாத்திகளை அறிவிக்காமல் போய்ப் பார்ப்பம்..."

யூலியானா எழும்பினாள். "சேர், ஒரு கேள்வி கேக்கலாமோ?"

"நீர் கேட்டதெல்லாம் காணும்."

"உங்களை இல்லை. இவையைக் கேக்கிறன்." மேசையைச் சுற்றி இருந்தவர்களைப் பார்த்தாள். "ஆரின்ர முகாமில பாத்தியில வேர் இருக்கு? இருக்கிறவை கையை உயர்த்துங்கோ."

ஒரு கையும் உயரவில்லை.

ஒருவர் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து, குடிக்காமலே வைத்தார். சிவராசா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எங்கட இடத்தில சனம் குத்தேல்லை, சேர். நானே இலைகுழை வெட்டிக் குடுத்தனான்."

"சிவராசா!"

"வேற என்ன செய்ய? அரிசி இல்லாமல் சாகவிடட்டோ? நாங்கள் பச்சை எண்டு எழுதினால் நீங்கள் சந்தோசப்படுறியள். காய்ஞ்சு போச்செண்டு எழுதினால் சனத்துக்குச் சோத்தை நிப்பாட்டுறியள். பேந்து ஆர் உங்களுக்கு உண்மை எழுதுவினம்?" அவருக்கும் குரல் ஏறியது. "இந்தப் பிள்ளை ஒராள்தான் எழுதினது. அதுக்குத்தான் தண்டனை."

அதன் பிறகு அணை உடைந்தது போல எல்லோரும் கதைத்தார்கள். ஒரு முகாமில் ஆடுகள் பாத்தியைத் தின்றுவிட்டன என்று பொய் எழுதியிருந்தார்கள். இன்னொன்றில், வெளியாட்கள் வருகிற நாளுக்கென்றே ஒரு கொட்டிலின் பாத்திக்கு முகாம் முழுவதும் தண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள். கனகலிங்கம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் எழும்பி வெளியே போனார். யூலியானா பின்னால் போனாள். விறாந்தையில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் உதவாதவன் எண்டு நினைக்கிறீர் என்ன?" என்றார் அவள் முகத்தைப் பாராமல். "திட்டத்தை மாத்தினால் முதல் போட்டது பிழையெண்டு எழுதவேணும். பிழையெண்டு எழுதினால் காசு தாறவை வேற நிறுவனத்தைப் பாப்பினம். காசு நிண்டால் பாத்தியும் இல்லை, அரிசியும் இல்லை. அந்தப் பயத்தில இருந்து பாரும், அப்ப விளங்கும்."

"விளங்குது, சேர். உங்களுக்கு மேல இருக்கிறவைக்கு நீங்கள் குழை குத்துறியள். உங்களுக்கு நாங்கள் குத்துறம்." அவளுக்கு இரக்கம் வரவில்லை, வர விடவும் இல்லை. "ஆனால் எங்கட மச்சாளின்ர பிள்ளை செத்திருக்கும். உங்கட பயத்துக்கு அந்தப் பிள்ளை குளத்துத் தண்ணியைக் குடிச்சது. அந்த மேடத்துக்கு நீங்கள் உண்மையைச் சொல்லிப் பார்த்தனீங்களோ? ஒருக்காலெண்டாலும்?"

அவர் சுவரை விட்டு உள்ளே திரும்பி வந்து இருந்தார். வந்ததும் முதல் வார்த்தையாக, "சரி, என்ன மாத்தவேணும், சொல்லுங்கோ," என்றார். பின்னேரம்வரை இருந்தார்கள். அரிசி இனிப் பாத்தியைப் பாராமல் கொடுக்கப்படும். விதை புரட்டாசிக்கு மழையைப் பார்த்துப் போகும். என்ன விதை என்பதை அந்தந்த முகாமே சொல்லும். களத்தில் பிழைத்ததைக் களத்திலேயே திருத்தலாம், அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பிழையை அறிவித்த இடத்துக்கு நிவாரணம் வெட்டப்படாது. அந்தக் கடைசியை யூலியானா இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். வலைக்கு மட்டும் அவர் மசியவில்லை. "வலை எண்டால் மீன்பிடி, அது உணவுப் பயிர்ச்செய்கைத் தலைப்புக்குள்ள வராது," என்றார். மீன் உணவில்லையோ என்று அவள் கேட்டாள். சிவராசா அவள் கையைத் தொட்டு, இன்றைக்கு இவ்வளவும் போதும் என்பது போலப் பார்த்தார்.

திரும்பி வந்தபோது முகாமில் முதல் மழைக்கு மேகம் கட்டியிருந்தது. அரிசி லொறி அவளுக்கு முதலே வந்துவிட்டது. சனம் வாங்கிக்கொண்டிருந்தது. அவள் கிணற்றடியில் நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்; வலை கிடைக்காததையும் சேர்த்து. சிலர் தலையாட்டினார்கள். அன்னபாக்கியம், என்ன விதை கேட்கலாம் என்று உடனே கணக்குப் போடத் தொடங்கினாள். பயற்றை, வெண்டி, கத்தரி, மரவள்ளித் தடி.

புனிதம் அரிசிப் பையை நிலத்தில் வைத்துவிட்டு அவளுக்கு நேரே வந்தாள்.

"எல்லாம் நல்லது. நாங்கள் பட்டினி கிடந்த நாளுக்கு ஆர் பதில்?"

நெளுக்குளத்தில் அவ்வளவு கதைத்த யூலியானாவுக்கு இது அங்கே மனதில் வரவே இல்லை. இனிமேல் சரியாகப் போகும் என்பதையே வெற்றியாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"பதில் இல்லை, மச்சாள். நான் கேக்க மறந்திட்டன்."

"மறப்பாய். பட்டினி கிடந்தது நாங்கள்தானே."

"இண்டைக்கே எழுதுறன். நீங்கள் சொல்லுங்கோ, நீங்கள் சொல்லுறபடியே எழுதுறன்."

புனிதம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கிணற்றுக்கட்டில் இருந்தாள். சொல்லத் தொடங்கினாள். மெருகு இல்லாமல், மரியாதை இல்லாமல், நிரோசினியின் வயிற்றாலடியிலிருந்து கழற்றி விற்ற தோடுவரை. இடையிடையே மற்றப் பெண்களும் சேர்ந்தார்கள். யூலியானா ஒரு சொல்லையும் நல்ல தமிழுக்கு மாற்றவில்லை.

முதல் மாதம் பதில் வரவில்லை. அடுத்த மாதமும் அதையே எழுதினாள். கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்று வந்தது. மூன்றாம் தரம் எழுதும்போது முகாமில் எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். சிவராசாவும் மல்லாவியில் இருந்து அவர்களுக்கு ஆதரவாக ஒன்று எழுதினார். அதற்கிடையில், கனகலிங்கம் கொழும்பில் ஒரு பெரிய கூட்டத்தில் பேசினார் என்றும், சனத்திடமிருந்து கற்று இடைவழியில் திட்டத்தைத் திருத்துவது எப்படி என்பதுதான் தலைப்பு என்றும் லொறிச் சாரதி வந்து சொன்னான். எல்லோரும் எழும்பி நின்று கைதட்டினார்களாம். யூலியானா அதைக் கேட்டு, கையில் இருந்த சுளகைக் கொட்டில் சுவரில் எறிந்தாள். கொலின்ஸ் அதை எடுத்துத் தட்டி வைத்தான்.

மார்கழி அடைமழையில் ஒரு நாள் லொறி சேற்றில் புதைந்து புதைந்து வந்தது. வழமையான நிவாரணத்தோடு இன்னும் கொஞ்ச மூடைகள் இருந்தன. 'விசேட உதவி' என்று எழுதியிருந்தது. நின்றுபோன நிவாரணத்தில் பாதி. பிழைவிட்டோம் என்று ஒரு சொல் எங்கேயும் இல்லை.

சனம் படங்குகளைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு வந்து வாங்கியது. புனிதம் தன் பங்கைத் தோளில் ஏற்றினாள். மழைத்தண்ணீர் அவளுடைய நெற்றித் தழும்பில் வழிந்து இறங்கியது. யூலியானாவைக் கடந்து போகும்போது நின்றாள்.

"மிச்சப் பாதிக்கும் எழுது," என்றுவிட்டு நடந்தாள்.